அப்பத்தா அழுகலன்னு சொல்றவங்களுக்கு

போன மாசம் எங்க வகையறாவுல ஒரு காதுகுத்து. கருப்பு கோயில்ல கெடா வெட்டி பந்தியெல்லாம் முடிஞ்சு, பொம்பளைங்க நாங்க புளியமரத்து நெழல்ல உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டு இருந்தோம், பேச்சு அங்கிட்டு இங்கிட்டு சுத்தி கடைசில செத்துப்போன எங்க அப்பத்தாகிட்ட வந்து நின்னுச்சு. அப்பத்தா இருந்திருந்தா இந்நேரம் இந்தப் புள்ளைக்குக் கொண்டையில மொழம் மொழமா பூவச் சுத்தியிருக்கும்னு யாரோ சொன்னாங்க. எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. எங்க சித்தி மட்டும் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "நல்ல மனுசிதான், நான் இல்லேங்கல. ஆனா பெத்த புள்ள பொணமாக் கெடக்கும்போது ஒரு சொட்டு கண்ணீர் விடலயே. அத நான் சாகுற மட்டும் மறக்க மாட்டேன்"னு சொல்லுச்சு. பக்கத்துல இருந்த ரெண்டு மூணு பேரு, "ஆமா, கல்லு கணக்கால்ல உக்காந்திருந்துச்சு"ன்னு தலையாட்டுனாங்க.

சித்தி மேல எனக்குக் கோவம் இல்ல. செத்தது அவங்க புருசன், எங்க சித்தப்பா. நாப்பத்தஞ்சு வயசுக்குள்ள தாலியக் கழட்டுன பொம்பளை என்ன பேசுனாலும் கேட்டுக்கிட்டுத்தான் ஆகணும். ஆனா அந்தப் பேச்சு அன்னைலருந்து என் மனசுல உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது. ஏன்னா அது உண்மை இல்ல. அப்பத்தா அன்னைக்கு என்ன பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியும், நான் பக்கத்துல இருந்தேன். அப்பத்தாவுக்கு பார்க்கின்சன்ஸ்னு மூள நரம்பு நோய் இருந்துச்சு. பார்க்கின்சன்ஸ்னா கை நடுக்கம்னு மட்டும்தான் நம்ம பக்கம் தெரியும், டிவில காட்டுறதும் அதத்தான். எங்க வீட்டுல அந்த நடுக்கத்தோட எப்பிடியோ பழகிட்டோம். அந்த நோய் பறிச்ச மத்த ரெண்டுதான் அப்பத்தாவ கல்நெஞ்சுக்காரியாக்கிருச்சு, ஒண்ணு மூஞ்சி, இன்னொண்ணு தொண்டை.

பூவும் பாட்டும்

உசிலம்பட்டி போற வழியில செல்லம்பட்டிப் பக்கம் எங்க ஊரு. கொஞ்சமா மல்லியப் போட்டுப் பொழச்ச குடும்பம். விடியுமுன்ன தலையில முண்டாசு கட்டி டார்ச்ச மாட்டிக்கிட்டு மொட்டு எடுக்கப் போயிரும் அப்பத்தா, வெயிலு ஏறுனா மொட்டு வாய் பொளந்துரும், பொளந்த பூவுக்கு வெல கெடைக்காது. சித்தப்பா அத மூட்டையாக் கட்டி டிவிஎஸ் எக்ஸெல்ல வச்சு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போகும். வெல போகாத நாள்ல மிஞ்சுன பூவ வீட்டுலயே கட்டி பஸ் ஸ்டாண்டுல விக்கிறது. அப்பத்தா பூக் கட்டுறதப் பாத்துக்கிட்டே இருக்கலாம். வாழநாரத் தண்ணில நனச்சு நகத்தால கிழிச்சு, எடது கையில ரெண்டு மொட்டு அங்கிட்டு, ரெண்டு மொட்டு இங்கிட்டு வச்சு, வலது கையால நார ஒரு சுத்து சுத்தி உள்ள விட்டு இழுக்கும். கண்ணு பூவுல இருக்காது. தெருவுல போறவங்க கூட சண்ட போட்டுக்கிட்டே கட்டும், மொழம் ஏறிக்கிட்டே இருக்கும்.

ஆனா ஊருல அப்பத்தாவுக்குப் பேரு பூவால வரல, ஒப்பாரியால வந்துச்சு. சுத்துப்பட்டுல எங்க கேதம் விழுந்தாலும் ஆள் விட்டு அனுப்புவாங்க. காசுக்குப் போனதில்ல, ஒறவுமொறைக்குச் செய்யிற கடமைன்னுதான் போகும். செத்தவுக வாசல்ல கால வைக்கும்போதே எடுத்துரும் பாட்ட, மைக்கு கியக்கு ஒண்ணும் கெடையாது, நாலு தெரு தாண்டிக் கேக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. அந்தாளு எந்தக் கெணறு வெட்டுனாரு, எந்த மாட்ட ஆச ஆசயா வளத்தாரு, பொண்டாட்டிகூட எதுக்குக் கோவிச்சுக்கிட்டு எத்தன நாளு சாப்பிடாம இருந்தாருன்னு எல்லாம் அந்தப் பாட்டுக்குள்ள வந்துரும். அதுவரைக்கும் அழுகாம வெறச்சுப் போயி நின்ன மகன்காரன் அதக் கேட்டுத்தான் ஓன்னு அழுவான். சின்னப் புள்ளைல எனக்கு அது பயமா இருக்கும். வீட்டுல ஒருக்க பாடச் சொல்லிக் கேட்டப்ப, "வீட்டுல பாடக் கூடாதுத்தா, ஆகாது"ன்னு அதட்டிருச்சு.

இத ஏன் இவ்வளவு சொல்றேன்னா, அழுகைய ஊருக்கே சொல்லிக் குடுத்த மனுசி அது. அதப் பாத்துத்தான் அழுகத் தெரியலன்னாங்க.

வாசம் போன வருசம்

2013ல மதுரை மல்லிக்கு புவிசார் குறியீடு கெடச்சுச்சு. மார்க்கெட்டுல அதப் பத்தி பேசிக்கிட்டாங்கன்னு சித்தப்பா சந்தோசமா வந்து சொல்லுச்சு, "நம்ம பூவுக்கு கவருமெண்டு முத்திர குத்திருக்காம்மா"ன்னு. அப்பத்தா மடியில கெடந்த மொட்ட அள்ளி மோந்து பாத்துட்டு, "என்ன முத்திர, இப்ப வர்ற பூவுல வாசமே இல்லையேடா, மருந்தடிச்சு மருந்தடிச்சுக் கொன்னுட்டாய்ங்க"ன்னுச்சு. மருந்தடிக்கிறது உண்மைதான், அதனால யாருக்கும் வித்தியாசமாத் தெரியல. நாங்க மோந்தா வாசம் ஆளத் தூக்குது, அதுக்கு மட்டும் வரல. சாம்பார் தீஞ்சாலும் தெரியல. வயசாச்சு, மூக்கு மந்தம்னு விட்டுட்டோம்.

அதே சமயத்துல ராத்திரி தூக்கத்துல கத்த ஆரம்பிச்சுச்சு. கையக் கால ஒதறும், யாரையோ வெரட்டும், ஒரு நாள் பக்கத்துல படுத்திருந்த எங்கம்மாவுக்கு மூக்குல ஒரு குத்து. காத்துக் கருப்பு அண்டியிருக்கும்னு பாண்டி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி கயிறு கட்டிட்டு வந்தாங்க. அப்புறம் வலது தோள்பட்ட வலி. எலும்பு டாக்டர் ஒருத்தர், ஃப்ரோசன் ஷோல்டர்னு சொல்லி ஒத்தடம், கரண்டு வைக்கிறது, வலி மாத்திரன்னு ரொம்ப காலம் ஓட்டுனாரு. கொறையவே இல்ல. கடைசில கண்டுபுடிச்சது எங்க தம்பி, அதுவும் ஒரு கல்யாண வீடியோவுல. பந்திக்கு நடந்து வர்ற அப்பத்தாவுக்கு எடது கை நல்லா வீசுது, வலது கை மட்டும் ஒடம்போட ஒட்டிக்கிட்டே வருது. "இது தோள்பட்ட இல்லக்கா, வேற என்னமோ"ன்னான்.

2016ல பெரியாஸ்பத்திரி நரம்பு ஓபிக்குப் போனோம். அந்த டாக்டர நான் மறக்கவே மாட்டேன். ஸ்கேன் பேப்பரத் தேடாம மொதல்ல, "ஆத்தா, என்ன வேல பாக்குறீக?"ன்னு கேட்டாரு. பூக் கட்டுவேன்னுச்சு. "எங்க, பூவு இருக்குறதா நெனச்சுக் கட்டிக் காமிங்க"ன்னாரு. அப்பத்தா காத்துலயே நார எடுத்து, காத்துலயே மொட்டு வச்சுக் கட்டுச்சு. மொத நாலஞ்சு கட்டு நல்லா பெருசா வெரல் சுத்துச்சு, அப்புறம் சுத்து சிறுசாகிக்கிட்டே போயி, பத்தாவதுக்குள்ள வெரல் அப்பிடியே நின்னு போச்சு. கைய மடியில வைக்கச் சொன்னாரு. வச்ச கொஞ்ச நேரத்துல பெருவெரலும் ஆள்காட்டி வெரலும் ஒண்ணோட ஒண்ணு ஒரச ஆரம்பிச்சிருச்சு, நொடிக்கு நாலஞ்சு தடவ, அது பாட்டுக்கு. திரும்பப் பூக் கட்டச் சொன்னா அந்த நடுக்கம் நிக்கிது. சும்மா இருக்கும்போது ஆடும், வேல செய்யும்போது கொறையும், அதுதான் இந்த நோயோட நடுக்கம்னு சொன்னாரு. பெறகு, "வாசம் தெரியுமா? தூக்கத்துல கத்துவாகளா? மலச்சிக்கல் உண்டா?"ன்னு ஒண்ணொண்ணா கேக்கக் கேக்க எங்கம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. நடுக்கம் வர்றதுக்குப் பல வருசம் முந்தியே இதெல்லாம் வந்துருமாம். நடுமூளையில சப்ஸ்டான்சியா நைக்ரான்னு கருப்பா ஒரு எடம், அங்க டோபமின்னு ஒடம்ப அசைய வைக்கிற ரசாயனத்தச் சுரக்குற செல்லுங்க கொஞ்சம் கொஞ்சமாச் செத்துக்கிட்டே வரும், கை ஆடுதுன்னு நாம பாக்குறப்ப பாதிக்கு மேல போயிருக்கும். இதுக்குன்னு தனியா ரத்த டெஸ்ட்டு கெடையாது, டாக்டர் கண்ணால பாத்துக் கேட்டுத்தான் சொல்லணும்.

வீட்டுக்கு வந்து ராத்திரியெல்லாம் போன்ல தேடித் தேடிப் படிச்சேன். ஜேம்ஸ் பார்க்கின்சன்னு லண்டன்ல ஒரு டாக்டர், 1817ல ஒரு சின்ன கட்டுர எழுதிருக்காரு, மொத்தமே ஆறு பேர வச்சு. அதுலயும் சில பேரத் தெருவுல போகும்போது பாத்ததுதான். நடக்குறது, குனியிறது, ஆடுறது எல்லாத்தயும் அவ்வளவு சரியாப் பாத்த மனுசன், புலனும் அறிவும் கெடுறதில்லன்னு எழுதிட்டாரு. மல்லி வாசம் போனது அவருக்குத் தெரியல பாருங்க. அவரு பொறந்த ஏப்ரல் 11தான் இப்ப பார்க்கின்சன்ஸ் நாளு.

இன்னொரு விசயமும் அப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன். 1950கள்ல அர்விட் கார்ல்சன்னு ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஒருத்தர் முயலுக்கு ரெசர்ப்பின்ங்கிற மருந்தக் குடுத்திருக்காரு, முயலுங்க அசையாமச் சுருண்டு போச்சு. அப்புறம், மூளைக்குள்ள போயி டோபமினா மாறுற லெவோடோபாவ ஊசியாப் போட்டதும் எந்திரிச்சு ஓடிருச்சு. டோபமின் என்ன வேல பாக்குதுன்னு ஒலகத்துக்கு அதுலதான் புரிஞ்சுச்சு, 2000ல அவருக்கு நோபல் குடுத்தாங்க. அந்த ரெசர்ப்பின் நம்ம நாட்டு சர்ப்பகந்தா வேருல இருந்து எடுத்தது. அந்த லெவோடோபா நம்ம பூனைக்காலி வெதைலயும் இருக்கு. எங்க பெரியப்பா இதக் கேட்டதும் கீழமாசி வீதிக்குப் போயி பூனைக்காலிப் பொடி வாங்கிட்டு வந்துட்டாரு. டாக்டர் திட்டல, நிதானமாச் சொன்னாரு, "வெதைல மருந்து இருக்குறது நெசம்தான், ஒரு ஸ்பூன் பொடில எவ்வளவு இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, மாத்திரையும் சேந்தா அளவு மீறிரும்"னு. அத்தோட விட்டோம்.

"நடிக்குது"

அதே லெவோடோபா இருக்குற சிண்டோபா மாத்திர வந்த பெறகு மொத ரெண்டு வருசம் அப்பத்தா திரும்ப வந்துருச்சுன்னே நெனச்சோம். பூக் கட்டுச்சு, கோழிய வெரட்டுச்சு, கேதம் கேக்கப் போச்சு. அப்புறம்தான் மாத்திர ஒவ்வொரு வேளையும் சீக்கிரமா எறங்க ஆரம்பிச்சுச்சு. பம்புசெட்டுக்கு மும்முனக் கரண்டு வர்ற மாதிரின்னு சித்தப்பா சொல்லும்: வந்தா தண்ணி கொட்டும், நின்னா ஒரு சொட்டு வராது, மோட்டார ஒதச்சு என்ன பிரயோசனம். காலைல ஏழு மணி மாத்திர ஏறிட்டா வாசத் தெளிச்சு கொல்லப் பக்கம் போயிட்டு வரும். பத்தரைக்கெல்லாம் கால் தரையோட ஒட்டிக்கும்.

இதப் பாக்குற சனத்துக்குப் புரியாது. "காலைல நல்லாத்தானே நடந்துச்சு, இப்ப மருமக வந்ததும் முடியலங்குது, நடிக்குது"ன்னு எங்க காதுபடவே சொல்லிருக்காங்க. படி ஏறும், மாடிப்படிகூட ஏறும். ஆனா நெலவாசல்ல வந்து நின்னா நின்னதுதான், காலு ரெண்டும் பெரண்டுக்கிட்டு ஓரடி எடுத்து வைக்க வராது. படி ஏறுற காலுக்கு சமதர முடியலையாக்கும்னு கேப்பாங்க. அது அப்பிடித்தான். தானா நடக்குற நடைய மூள மறந்துருது, கண்ணுக்கு முன்னால தாண்டுறதுக்குன்னு ஒண்ணு இருந்தா வேற வழியாக் கால் கெளம்பிருது. எங்கம்மா ஒரு நாள் வாசக்கோலம் போட்டு மிஞ்சுன மாவுல நெலவாசலுக்கு முன்னால குறுக்க குறுக்க அஞ்சாறு கோடு இழுத்து, "அத்த, கோட்ட மட்டும் தாண்டுங்க"ன்னு சொல்லுச்சு. அப்பத்தா ஒண்ணொண்ணாத் தாண்டி உள்ள வந்துருச்சு. அதுலருந்து அந்த எடத்துல கோடு அழியவே இல்ல, பெறகு வெள்ளப் பெயிண்ட்ல அடிச்சு விட்டுட்டோம்.

மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவுல எடவெளி வேணும். சாப்பிடுறதுக்கு அரமணி நேரம் முந்தி மாத்திர, பருப்பு, முட்ட, கறியெல்லாம் கூடச் சேந்தா புரதம் அந்த மருந்த ஏற விடாது. இத எங்களுக்கு ஓபியில ஒரு நர்சக்காதான் சொன்னாங்க. இன்னொண்ணு, வாந்தி பேதின்னு ஒரு தடவ வேற எடத்துல சேத்தப்ப மெட்டோகுளோப்ரமைடு ஊசியப் போட்டுட்டாங்க, ஒடம்பு கட்டையாப் போச்சு, பேச்சே வரல. அந்த ஊசி டோபமினையே தடுக்குறது, இந்த நோய் இருக்குறவங்களுக்கு ஆகாது. நாங்க வந்ததுமே நோயப் பத்திச் சொல்லியிருந்தோம், கேஸ் சீட்டுலயும் எழுதிருந்துச்சு. எங்க சேத்தாலும் இத வாயத் தொறந்து திரும்பத் திரும்பச் சொல்லுங்க, அவங்க எரிச்சல்பட்டாலும் பரவால்ல.

மூஞ்சி

எந்த வருசத்துல அப்பத்தா சிரிக்கிறத நிறுத்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அது அவ்வளவு பைய நடந்துச்சு. நாம சிரிக்கணும்னு நெனச்சா சிரிக்கிறோம்? தன்னறியாமத்தான சிரிப்பு வருது. கண்ணு விரியுறது, புருவம் ஏறுறது, யோசிக்கிறப்ப உதடு மடியுறது எல்லாம் அப்பிடித்தான். அதுக்கெல்லாம் டோபமின் வேணும். அது கொறஞ்சா மூஞ்சித் தச அப்பிடியே நின்னுரும். கண்ணு சிமிட்டுறதுகூடக் கொறஞ்சு போயி கண்ணு காஞ்சிரும். உள்ளுக்குள்ள ஒண்ணும் நிக்கிறதில்ல. எம் புள்ளைய மொத மொதல்ல மடியில வாங்கும்போது அப்பத்தா மூஞ்சில ஒண்ணுமே இல்ல. என் மாமியாருக்குச் சங்கடமாப் போச்சு, பேரன் பொறக்கலன்னு கவலையோன்னு கேட்டாங்க. ஆனா அப்பத்தா கையப் பாத்தேன், புள்ளையோட உள்ளங்கால பெருவெரலால தடவிக்கிட்டே இருந்துச்சு, விடவே இல்ல.

சனங்க மூஞ்சியப் பாத்துத்தான் பேசுறாங்க. பதில் சொல்லாத மூஞ்சிகிட்ட யாரும் ரெண்டாவது வார்த்த பேசுறதில்ல. வீட்டுக்கு வர்றவங்க, "ஆத்தா சாப்புட்டுச்சா? ராத்திரி தூங்குச்சா?"ன்னு அப்பத்தாவ நடுவுல உக்கார வச்சுக்கிட்டே எங்கம்மாகிட்ட கேப்பாங்க. அப்பத்தா பதில் சொல்லும். ஆனா தொண்ட அதுக்குள்ள சுருங்கிருச்சு. நாலு தெருவுக்குக் கேட்ட தொண்ட பக்கத்துப் பாய்ல உக்காந்தவருக்குக் கேக்கல. இதுல ரொம்பக் கொடுமை என்னன்னா தான் மெல்லப் பேசுறது அவங்களுக்கே தெரியாது. அந்த அளவு பாக்குற வேலையும் மூளையில கெட்டுப் போயிருது. "கொஞ்சம் சத்தமாச் சொல்லு அப்பத்தா"ன்னா, "கத்தித்தானடி சொல்றேன், உங்க காதெல்லாம் என்ன அடச்சுப் போச்சா?"ன்னு கேக்கும். அதுக்கு அது கத்துறதுதான்.

கேத வீடு

2019ல, ஒரு விடியக்காலம், மார்க்கெட்டுக்குப் பூ மூட்டையோட போன சித்தப்பாவுக்கு வழியில நெஞ்சுவலி. ஆஸ்பத்திரில சேக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. ஒம்பது மணிக்குக் கொண்டாந்து நடுவீட்டுல போட்டாங்க.

அன்னைக்கு அந்த வீட்டுல யாருக்கும் நெதானம் இல்ல. அப்பத்தாவோட ஏழு மணி மாத்திர யாரும் குடுக்கல. பதினோரு மணி மாத்திரையும் குடுக்கல. யாரக் குத்தம் சொல்ல முடியும், பச்சத் தண்ணிகூட யாரும் குடிக்கல. மருந்து சுத்தமா எறங்கின நெலமையில ரெண்டு பேரு அலாக்காத் தூக்கிட்டு வந்து சித்தப்பா தலமாட்டுல உக்கார வச்சாங்க. அப்பத்தா குனிஞ்ச தல குனிஞ்சபடி, மூஞ்சி வெறச்சு, கண்ணு ஒரே எடத்துல நெலகுத்தி. சித்தி நெஞ்சுல அடிச்சுக்கிட்டு, "அத்த, உம் புள்ளையப் பாரு அத்த, கண்ணத் தொறக்கச் சொல்லு அத்த"ன்னு அப்பத்தா தோளப் புடிச்சு உலுக்குச்சு. அப்பத்தா ஆடுச்சு, அவ்வளவுதான். சித்திக்கு மயக்கம் போட்டுருச்சு, உள்ள தூக்கிட்டுப் போயிட்டாங்க. சித்தி கண்ணுல கடைசியா நின்னது அந்த மூஞ்சிதான்.

வெளிய பந்தலு. ஒப்பாரி செட்டு புடிச்சிருந்தாங்க, இப்பெல்லாம் அதுதானே வழக்கம், மைக்க வச்சுக்கிட்டு ரெண்டு பேரு பாட, கூம்பு ஸ்பீக்கரு ஊருக்கே கேக்குது, கூடவே கொட்டு. நான் அப்பத்தா பக்கத்துல ஒட்டி உக்காந்திருந்தேன். வலது கை அப்பிடி ஆடுது, நான் அதுக்கு முன்ன அப்பிடிப் பாத்ததே இல்ல, கையில கெடந்த செம்புக் காப்பு தரையில பட்டு டொக்கு டொக்குன்னு சத்தம். மனசு கலங்குனா இந்த நடுக்கம் கூடும், எல்லா டாக்டரும் சொல்றதுதான். அழுகைய மூஞ்சில தேடுன அம்புட்டு பேருல ஒருத்தரும் கையப் பாக்கல. வாயோரம் எச்சி வழிஞ்சுச்சு, முழுங்குறது கொறஞ்சு போனதால எப்பவும் வர்றதுதான், தொடச்சு விடலாம்னு முந்தானைய எடுத்துக்கிட்டுக் குனிஞ்சேன். அப்பத்தான் கேட்டுச்சு.

அப்பத்தா பாடிக்கிட்டு இருந்துச்சு. உதடு அசையிறதே தெரியல. மூச்சுக்காத்துல ராகம் மட்டும் வருது, எங்க ஏத்தணும் எங்க எறக்கணும் எங்க இழுக்கணும், ஒண்ணு தப்பல. காத வாய்கிட்ட கொண்டு போயி வச்சேன். மூணு மணிக்கு எந்திரிச்சு ஆத்தா தூக்கம் கலையக் கூடாதுன்னு எக்ஸெல் வண்டியத் தெருமொன வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயி ஸ்டாட் பண்ணுவியேன்னு சொல்லுச்சு. சித்திக்கு வளகாப்புக்கு வளையல் வாங்க வாய்க்கா வெட்டுன கூலிய யாருக்கும் தெரியாம சேத்து வச்சதச் சொல்லுச்சு. எனக்கே தெரியாத கதையெல்லாம் வந்துச்சு, சின்னதுல வைக்கப் படப்புல ஒளிஞ்சு தூங்கிப்போயி ஊரே தேடுனது, அம்ம வந்து கெடந்தப்ப வேப்பெலயில படுக்க வச்சது. எப்ப இருந்து பாடிக்கிட்டு இருந்துச்சோ, கொண்டாந்து உக்கார வச்ச நிமிசத்துல இருந்தே பாடியிருக்கும்.

தம்பியக் கூப்பிட்டு செட்ட நிப்பாட்டச் சொன்னேன். அவன் ஓடிப்போயி சொல்ல, கொஞ்ச நேரம் மைக்கு நின்னுச்சு, கொட்டு நிக்கல. பக்கத்துல இருந்த எங்கம்மாவும் பெரியம்மாவும் குனிஞ்சு கேட்டாங்க. எங்கம்மா அப்பத்தா தோள்ல சாஞ்சு ஓன்னு அழுதுச்சு. அதுக்குள்ள யாரோ பெரியாளு வந்து ஏன்டா செட்ட நிப்பாட்டுனீகன்னு சத்தம் போட, திரும்பப் போட்டு விட்டுட்டாங்க. மாத்திரையப் பொடிச்சுத் தண்ணில கலக்கிக் குடுத்தோம். அது ஏறி, கையத் தூக்குற அளவுக்கு வந்தப்ப சித்தப்பாவத் தூக்கிட்டாங்க. தேரு தெரு முக்கு திரும்பிருச்சு.

அன்னைக்கு சாயங்காலம் எல்லாரும் தல முழுகி ஒக்காந்திருக்கும்போது அப்பத்தா என்னயக் கிட்ட கூப்பிட்டு, "ஏத்தா, நான் பாடுனது எல்லாத்துக்கும் கேட்டுச்சா, இல்ல அந்த செட்டுக்காரய்ங்க சத்தத்துல அமுங்கிப் போச்சா?"ன்னு கேட்டுச்சு. அதப் பொறுத்தவர அது முழுத் தொண்டைல பாடியிருக்கு. "எனக்குக் கேட்டுச்சு அப்பத்தா, பூராவும் கேட்டுச்சு"ன்னேன். "ஒன் சித்தி கேட்டாளா?"ன்னு திரும்பக் கேட்டுச்சு.

சித்தி

சித்திகிட்ட அப்பவே சொன்னோம், பதினாறாம் நாள் எங்கம்மா ஒக்கார வச்சுச் சொல்லுச்சு. சமாதானத்துக்குச் சொல்றீகன்னு சித்தி நம்பல. நானா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன், கண்ணு பாத்தத மீறி நம்புறது சுலுவா? அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தாங்க, சித்தி கஞ்சி ஊட்டிருக்கு, துணி மாத்திருக்கு, ஒரு கொறையும் வைக்கல. ஆனா அந்தப் பேச்ச மட்டும் விடல. 2022ல அப்பத்தாவுக்கு முழுங்குறது ரொம்ப மோசமாப் போயி, கஞ்சி நுரையீரலுக்குள்ள எறங்கி நிமோனியா ஆயி, ஒரு வாரத்துல போய்ச் சேந்துருச்சு. இந்த நோய்ல நெறையா பேரு கடைசில அப்பிடித்தான் போறாங்க.

காதுகுத்து முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி நான் சித்தி வீட்டுல தங்குனேன். சண்ட போடப் போகல. "சித்தி, அப்பத்தா பாடுனதுல ஒண்ணு மட்டும் கேக்குறேன், சித்தப்பா ஒன் வளகாப்புக்கு வளையல் எப்பிடி வாங்குச்சுன்னு யாருகிட்டயாச்சும் சொல்லிருக்கியா?"ன்னேன். சித்தி ரொம்ப நேரம் என்னயவே பாத்துச்சு. அது புருசன் பொண்டாட்டிக்குள்ள இருந்த சேதி, அப்பத்தாவுக்குத் தெரியும்கிறதே சித்திக்குத் தெரியல. "வாய்க்கா வெட்டுன காசா?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். "வண்டியத் தள்ளிக்கிட்டுப் போறதையும் சொல்லுச்சா?" அதையும் சொல்லுச்சுன்னேன். ஒரு மணி ரெண்டு மணி வரைக்கும் எனக்கு நெனவிருந்த வரிய எல்லாம் கேட்டு வாங்குச்சு, ராகத்தோட சொல்லச் சொல்லுச்சு. எனக்கு ராகம் வராது, அப்பத்தா சொன்ன மாதிரி வீட்டுல பாடவும் கூடாது, ஆனாலும் வந்த மட்டுக்கும் சொன்னேன். சித்தி மனசுல இப்ப என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல, நானும் கேக்கல.

எங்க தெருவுல ரிட்டயர்டு ஆன கண்டக்டர் ஒருத்தர் இருக்காரு, அவருக்கும் இதே நோய் வந்து ரெண்டு வருசம் ஆச்சு. "மாமா முன்ன மாதிரி இல்லக்கா, என்ன செஞ்சு போட்டாலும் உம்முன்னே இருக்காரு, எம்மேல என்ன கோவமோ"ன்னு அவரு மருமக என்கிட்ட சொன்னா. போயி அவரு பக்கத்துல ஒக்காந்து, டிவிய அமத்திட்டு, கொழம்பு எப்பிடி இருந்துச்சுன்னு கேட்டேன். பதில் வர நேரம் ஆச்சு. கிட்ட போயிக் கேட்டா, நேத்து வச்ச அயிர மீன் கொழம்புக்கு ஈடே இல்ல, மருமககிட்ட நேத்தே சொன்னேனேன்னாரு. அந்தப் புள்ள அங்கயே நின்னு அழுதுருச்சு. தொண்டைக்குன்னு பேச்சுப் பயிற்சி இருக்கு, சத்தமாப் பேசுறதுக்கே தனியாப் பழக்குவாங்க, சீக்கிரமா ஆரம்பிச்சா பலன் இருக்கும்னு அவகிட்ட சொல்லிருக்கேன். எங்க அப்பத்தாவுக்கு அது இருக்குன்னே யாரும் சொல்லல. எந்த மாத்திர எத்தன மணிக்கு, எப்ப ஏறுது, எப்ப எறங்குதுன்னு ஒரு நோட்டுல எழுதி வைக்கச் சொல்லிருக்கேன், வர்ற ஓபி நாள்ல அந்த நோட்டோட அவரக் கூட்டிக்கிட்டு நானும் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன்.